ஏற்காட்டுக்கு வந்த ஓல்டு கீசர்

ஏற்காடு மலையில் ஒரு லாட்ஜ். மேனேஜர் நாச்சிமுத்து, எலக்ட்ரீஷியன் செங்கோடன், சமையல்காரர் மாரப்பன் மூவரும் தங்கமானவர்கள். சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும்தான் செய்வார்கள்.

மார்கழிக் குளிரில் லாட்ஜின் கீசர் படுத்துவிட்டது. "நாளைக்குள்ள வெந்நீர் வரலைன்னா ரூமைக் காலி பண்றோம்" என்று தங்கியிருந்தவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து முதலாளி போன் செய்தார். அங்கே போய் மூன்று மாதம்தான், அதற்குள் அந்த ஊர்ப் பேச்சு அவருக்கு ஒட்டிக்கொண்டது. வயசான ஆம்பிளைகளை அங்கே விளையாட்டாகக் 'கீசர்' என்பார்களாம்.

"நாச்சிமுத்து, நாளைக்குப் பத்து மணி பஸ்ல ஒரு ஓல்டு கீசர் வருது. பத்திரமா இறக்குங்க. சட்டுனு சூடாயிடும், ஜாக்கிரதை!"

"சூடானா நல்லதுதானுங்களே!" நாச்சிமுத்து பூரித்துப்போனார்.

மறுநாள் மூவரும் கயிறும் சாக்குமாக பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். இறங்கியவர் முதலாளியின் மாமனார் அம்பலவாணர். மூவரும் அவரை அதற்குமுன் பார்த்ததில்லை.

"ஐயா, பஸ்ல ஒரு ஓல்டு கீசர் வந்துச்சுங்களா?"

மாப்பிள்ளை போனில் அவரை அப்படித்தான் கேலி செய்வார். "நான்தாம்ப்பா அது!" என்று சிரித்தார்.

மூவரும் ஒதுங்கி நின்று ஆலோசித்தார்கள்.

"ஆளு மாதிரியே இருக்குதே?"

"ஃபாரின் மாடல். அப்படித்தான் இருக்கும்."

"வயரு?"

"காதுல தொங்குது பாரு."

அம்பலவாணர் இயர்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

லாட்ஜுக்குக் கூட்டிப்போய், பாத்ரூமில் ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார்கள். வெந்நீர்க் குளியல் ஏற்பாடாக்கும் என்று அவரும் மகிழ்ந்து சட்டையைக் கழற்றினார். மாரப்பன் அவர் தலையில் ஒரு குடம் பச்சைத் தண்ணீரை ஊற்றினார். செங்கோடன் கீழே வாளி பிடித்தான்.

"ஐயோ! அடேய், மடப்பசங்களா!" அவர் முகம் ஜிவ்வென்று சிவந்தது.

"சிவப்பு லைட்டு எரிஞ்சிடுச்சு!" என்று துள்ளிய செங்கோடன், வாளியில் விரலை விட்டுப் பார்த்தான். "சூடு பத்தல. இன்னொரு குடம் ஊத்துண்ணே."

மூன்றாவது குடத்தில் பெரியவர் எழுந்து ஓடிப்போய், பல் கிட்டியபடியே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

முதலாளி நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு, கீசர் கெட்டுப்போன கதையைக் கேட்டுவிட்டுக் கத்தினார். "அட கூமுட்டைகளா! கீசர்னா வயசான பெரியவர்டா! கால்ல விழுங்க! சேலத்துக் கடையில சொல்லி சாயங்காலம் வேற கீசர் அனுப்பறேன்."

விழுந்தார்கள். பெரியவரும் மன்னித்து, மூன்று கம்பளிக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் வேன் வந்தது. மூவரும் அட்டைப்பெட்டியைப் பயபக்தியோடு பிரித்து, உள்ளே இருந்ததை இருப்பதிலேயே நல்ல அறையில் மெத்தைமேல் சாய்த்து, போர்வை போர்த்தி, குல்லாவும் மாட்டிவிட்டார்கள்.

நாச்சிமுத்து கைகட்டி நின்று கேட்டார்: "ஐயா, காபிங்களா, டீங்களா?"

பதில் இல்லை.

"வயசாச்சில்லைங்களா, காது மந்தம்" என்றார் மாரப்பன். "கிட்டப் போய்க் கத்திக் கேளுங்க."