மணியை உருக்கிய சென்னியப்பர்

கரட்டூர் மலையடிவாரத்தில், தகரக் கொட்டகை ஒன்றில் லாரி எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிப் பிழைத்தவர் சென்னியப்பர். எஞ்சினிலும் அவர் கை அதிகம் பழகியது புஷ்களோடுதான். பிஸ்டனைத் தாங்கும் ராடு என்ற தண்டின் தலையில், பின் என்ற இரும்பு உருளை நுழைகிற இடத்தில் உட்கார்ந்திருக்கும் சின்ன வெண்கல வளையம் அது. உராய்வையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு தேய்ந்துபோவதே அதன் வேலை. தேய்ந்ததைத் தட்டி எடுத்துப் புதியதை ஏற்றுவார். பின்னைக் கட்டைவிரலால் தள்ளினால் நுழைய வேண்டும், விட்டால் நழுவி விழக் கூடாது. அந்தப் பதம் வரும்வரை உள்ளே சீவுவார், ஒவ்வொரு சீவலுக்கும் "முருகா" என்பார். "புஷ்சாமி பூசையில இருக்காருடோய்" என்று லாரிக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவரும் கூடவே சிரித்துக்கொள்வார்.

அவரிடம் ஒரு தனி வழக்கம் இருந்தது. புஷ்ஷுக்கு எண்ணெய் இறங்கும் துளையை மற்றவர்கள் எப்போது வேண்டுமானாலும் போடுவார்கள். அவர் கடைசிவரை போடமாட்டார். எல்லாம் முடிந்தபின் குளித்து, நீறு பூசி, ஈரவேட்டியோடு வந்துதான் துளையிடுவார். சிற்பி சிலைக்குக் கடைசியில் கண் திறப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துளை இல்லையென்றால் எண்ணெய் போகாது. புஷ்ஷும் பின்னும் சூடேறி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ராடு முறிந்து எஞ்சினைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

தைப்பூசத்தன்று உற்சவ முருகன் மலையேறுவது வெள்ளைக்காரன் காலத்துப் பழைய லாரி ஒன்றில். அந்த வருடம் அதன் எஞ்சின் சுத்தியல் அடிப்பதுபோல் தட்டியது. புஷ்கள் எல்லாம் போய்விட்டன. அந்த அளவில் புதிய புஷ் எந்த ஊரிலும் கிடைக்கவில்லை. சென்னியப்பர் யோசித்துப் பார்த்தார். பிறகு வீட்டுப் பூசையிலிருந்த வெண்கலக் கைமணியை எடுத்து, தேய்ந்த புஷ்களோடு உலையில் போட்டு உருக்கிப் புதிய புஷ்கள் வார்த்தார்.

"இருந்ததே அது ஒண்ணுதானுங்களே. இனிச் சாமிக்கு எதை ஆட்டறது?" என்று கேட்டார் மனைவி அருக்காணி.

"அவன் வண்டி ஓடற சத்தம் கேட்டா பத்தாதா புள்ள?" என்றார் அவர்.

பூசத்துக்கு முந்தின நாள் கடைசிப் புஷ்ஷும் பதத்துக்கு வந்தது. மற்றவற்றுக்கு முன்பே துளை போட்டாயிற்று, இதற்கு மட்டுமே பாக்கி. அவர் குளிக்கக் கிணற்றடிக்குப் போனார். அதே நேரத்தில் கோயிலில் பூசை மணியைக் காணவில்லை என்று கூச்சல் எழுந்தது. சென்னியப்பர் மணி உருக்கியதை யாரோ பார்த்திருந்தார்கள். அதற்குமேல் விசாரிக்க யாருக்குப் பொறுமை? கூட்டம் தடியும் கம்பியுமாக வந்தது. முன்னால் வந்தவன் நாச்சிமுத்து, கோயில் லாரியை ஓட்டுகிறவன்.

"அது எங்கூட்டு மணிங்க!" என்று அருக்காணி குறுக்கே விழுந்து கதறினார். அவரைத் தலைமுடியைப் பற்றி இழுத்துத் தள்ளினார்கள். ஈரவேட்டியோடு நின்ற சென்னியப்பரின் முகத்தில் முதல் அடி விழுந்தது. பல் தெறித்தது. நாச்சிமுத்து அவருடைய வலக்கையைப் பட்டறைக் கல்மேல் வைத்து அழுத்தி, அவருடைய சம்மட்டியாலேயே அடித்தான். விரல்கள் நசுங்கின. "முருகா" என்றார் அவர். அந்தப் பெயர் கேட்டதும் இன்னும் வெறி ஏறி, மிதித்தார்கள். பக்தி என்ற பேரில் மனிதர்கள் செய்கிற கொடுமையைச் சொல்ல எனக்கு நாக் கூசுகிறது. கடைசியில் அவரை இழுத்துப்போய் மலைப்பாதை தொடங்குமிடத்தில் பள்ளத்தில் எறிந்தார்கள். நாச்சிமுத்து கொட்டகைக்குத் திரும்பி, கிடந்த ராடுகளை அவசர அவசரமாகப் பூட்டி எஞ்சினை மூடினான்.

விடிந்ததும் சென்னியப்பர் கண் விழித்தது தம் வலியால் அல்ல, அந்த எஞ்சின் சத்தத்தால். லாரி வந்துகொண்டிருந்தது. மேலே சர்வ அலங்காரத்தில் முருகன், சுற்றிலும் பிள்ளைகளும் பெண்களும். துளையில்லாத புஷ் ஒன்று உள்ளே இருக்கிறதே என்ற நினைப்பு அவரைச் சுட்டது. ஏற்றத்தில் ராடு முறிந்தால் வண்டி பின்னால் உருண்டு பள்ளத்தில் விழும். அவர் முழங்கையால் ஊர்ந்து ஏறிப் பாதையின் குறுக்கே படுத்தார்.

நாச்சிமுத்து பிரேக்கில் கால் வைக்கவில்லை. பிற்பாடு அவனே அதை அழுதுகொண்டு சொன்னான். முன்சக்கரம் அவருடைய விலாவைத் தொட்டதும் எஞ்சின் தானாக அணைந்து, வண்டி நின்றது.

"துளை போடலைங்க. கடைசி புஷ்ல துளையில்லை. வண்டிய மலை ஏத்தாதீங்க, கொழந்தைக இருக்குது" என்றார் ரத்தம் துப்பிக்கொண்டே.

"சாமி வண்டிக்குச் சாபமா உடறே?" நாச்சிமுத்து அவர் வயிற்றில் உதைத்தான். "கழட்டிக் காட்டறேன். துளை இருந்துதுன்னா உன் மண்டைய இங்கயே ஒடைப்பேன்."

வெயில் ஏறும்வரை கழற்றினார்கள். கடைசி ராடு வெளியே வந்தது. அதன் தலையில், புஷ்ஷின் நடுவில், வட்டம் பிசகாமல் ஒரு துளை. அதில் எண்ணெய் பளபளத்தது.

சென்னியப்பர் திகைத்துப்போனார். "நான் போடலைங்களே... நான் போடலை."

"பொய்யன்! கொல்லுங்கடா!" என்று கூட்டம் கத்தியது. நாச்சிமுத்து சக்கரம் உருளாமல் அண்டை வைத்திருந்த கல்லை இரு கையாலும் தலைக்குமேல் தூக்கினான். சென்னியப்பர் முருகனைப் பார்த்தபடியே கிடந்தார்.

அப்போது மணி அடித்தது. கல்லைத் தூக்கியவன் அப்படியே நின்றான். சத்தம் சாமியின் பீடத்துக்கு அடியிலிருந்து வந்தது. குருக்கள் ஏறி வைக்கோலை விலக்கினார். விளக்குகளோடும் பட்டுத் துணிகளோடும் யாரோ சேர்த்துக் கட்டிவிட்ட மூட்டைக்குள் கோயில் மணி இருந்தது. அதன் நாக்கு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்த குருக்களின் பார்வை வேலின்மேல் விழுந்தது.

"காலையில பால் விட்டு நான்தானே தொடச்சேன்... இங்க பாருங்கோ!"

வேலின் நுனியில் பொன்நிறத்தில் ஒரு வெண்கலச் சுருள் ஒட்டியிருந்தது. அதிலிருந்து கறுத்த எஞ்சின் எண்ணெய் சொட்டியது.

கல் கீழே விழுந்தது. நாச்சிமுத்து சென்னியப்பரின் காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் முட்டி அழுதான். அவர் அவனைப் பார்க்கவே இல்லை. "எங்கப்பன் கையில எண்ணெய் ஆயிருச்சே, என்னால எண்ணெய் ஆயிருச்சே" என்று குழந்தைபோல் விம்மினார். அத்தனை அடியிலும் வராத கண்ணீர் அப்போது வந்தது. பிறகு இடக்கையை நீட்டி ராடை வாங்கி, துளையின் விளிம்பை விரலால் தடவினார்.

"பிசிறு இல்லை நாச்சிமுத்து. சுத்தமான வேலை. பூட்டு."

பின்னை அவரே இடக்கைக் கட்டைவிரலால் தள்ளினார். அது நுழைந்தது, நழுவவில்லை. அவரை முருகனின் காலடியில் ஏற்றிக்கொண்டு லாரி மலையேறியது. தட்டல் ஒன்றும் கேட்கவில்லை.

அவருடைய வலக்கை பின்பு நேராகவே இல்லை. கரட்டூரில் இன்றும் பூசத்தன்று வேலுக்குச் சந்தனம் சாத்துமுன் நுனியில் ஒரு சொட்டு எஞ்சின் எண்ணெய் வைக்கிறார்கள். தான் தேய்ந்து பிறரைத் தாங்கிய அந்தப் பெரியவரின் நசுங்கிய கைக்கு நம் வணக்கம் சேரட்டும்.