உறை பிரிக்காத பாட்டு

வெங்கலாங்குறிச்சியில் புத்தி உள்ளவர்கள் எல்லாரும் எப்போதோ பஸ் ஏறி வெளியூர் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் மூன்று பேர் சேர்ந்து ஒரு டிஜே செட் வைத்தார்கள். தலைவன் ஆவுடையப்பன். கழுத்தில் ஹெட்போனும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாகச் சந்தைக்குப் போய்க் கத்திரிக்காய் வாங்குகிற ஆள். அந்த ஹெட்போன் ஒயரை எதில் செருக வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது, அவனும் யாரையும் கேட்டதில்லை. சொரிமுத்து ஆம்ப்ளிஃபயர் தூக்குவான், பிச்சாண்டி கலர் விளக்கு தூக்குவான். யோசிப்பதை மட்டும் மூன்று பேரும் சேர்ந்து செய்வார்கள். வினை அங்கேதான் ஆரம்பம்.

போன வருசம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு, அதற்கு முந்தின வருசம் போட்ட பாட்டுகளையே வரிசைகூட மாறாமல் போட்டார்கள். அடுத்து வரப்போகிற பாட்டைச் சின்னப் பிள்ளைகள் முன்கூட்டியே பாடிக் காட்டின. கொடைக் கமிட்டித் தலைவர் கோமதிநாயகம் மேடையேறி வந்து, "அடுத்த வருசமும் இதே பாட்டுன்னா தென்காசி செட்டைக் கூப்பிட்டிருவேன்" என்று சொல்லிவிட்டார்.

ஆவுடையப்பனின் மாமனார் பலவேசம் பரோட்டாக் கடைக்காரர். அவரும் சும்மா விடவில்லை. "இந்தக் கொடையிலயும் ஊரு சிரிச்சா, அந்தக் கண்ணாடியக் கழத்தி வச்சிட்டு நம்ம கடையில மாவு பிசைய வந்திரணும் மாப்ளே" என்றார். ஆவுடையப்பன் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவனுடைய கௌரவம் முழுக்க அந்தக் கண்ணாடியில்தான் இருந்தது. வேறெங்கே தேடினாலும் கிடைக்காது.

நல்ல வேளையாக, மதுரையில் பேர்பெற்ற டிஜே ரெக்ஸ் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் மாமனார் கடையில் சாப்பிட இறங்கினார். ஆவுடையப்பன் சால்னாவை ஊற்றிக்கொண்டே, "அண்ணே, புதுப் பாட்டு எப்படிப் பிடிக்கது?" என்று கேட்டான்.

"ரெண்டே விஷயம்தாம்ப்பா" என்றார் ரெக்ஸ், வாயில் பரோட்டாவோடு. "பாட்டு நல்லாருக்கான்னு உன் காதை நம்பாதே, கேக்குற ஆளோட காலைப் பாரு. அப்புறம், ஒருத்தரும் கேக்காத பாட்டாத் தேடிப் பிடி."

பாவம், நல்ல மனுஷன். யாரிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் மூவரும் பஸ் ஸ்டாண்டில் குந்தி உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் காலையே பார்த்தார்கள். இரண்டு பெண்கள் திட்டிவிட்டுப் போனார்கள். அப்போது ஒருவர் செருப்பு அறுந்துபோய், கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு துள்ளித் துள்ளிப் போனார். பக்கத்து டீக்கடை ரேடியோவில் அணைகளின் நீர்மட்டம் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே, காலைப் பாத்தியா?" என்றான் சொரிமுத்து.

"பாத்தேன். ஆனா இது பாட்டு மாதிரி இல்லையே" என்றான் பிச்சாண்டி.

"காதை நம்பப்பிடாதுன்னு ரெக்ஸ் அண்ணன் சொல்லிருக்காவல்லா" என்று ஆவுடையப்பன் அடக்கினான். உடனே செல்போனை நீட்டி நீர்மட்டம் முழுவதையும் பதிவு செய்தார்கள். ஒரு பாட்டு கிடைத்தது.

அடுத்தது ஒருத்தரும் கேட்காத பாட்டு. பழைய சிடி கடைக்குப் போய் அதைக் கேட்டார்கள். கடைக்காரர் மூன்று முகங்களையும் ஒரு தரம் பார்த்தார். பரண்மேல் கிடந்த ஒரு சிடியை எடுத்துத் தூசி தட்டி, "இதை இன்னும் உறைகூடப் பிரிக்கல" என்று தள்ளிவிட்டார்.

பரோட்டாக் கடைப் பின்கட்டில் உட்கார்ந்து சொரிமுத்து உறையைப் பிரிக்கப் போனான். பிச்சாண்டி கையைப் பிடித்தான்.

"என்ன செய்யப் போற?"

"போட்டுக் கேட்டுப் பாக்கண்டாமா?"

"நாம கேட்டுட்டா, மூணு பேரு கேட்ட பாட்டு ஆயிருமே. அப்புறம் ஒருத்தரும் கேக்காத பாட்டுக்கு எங்க போவ?"

ஆவுடையப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை புத்திசாலியைப் போய் விளக்கு தூக்க வைத்திருக்கிறோமே என்று நிஜமாகவே வருத்தப்பட்டான். சிடியைத் துண்டில் சுற்றி, கொடை வரைக்கும் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தான்.

கொடையன்று விளக்கு வைத்த நேரம். ஊரே மேடைக்கு முன்னால் கூடியிருந்தது. ஆவுடையப்பன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நீர்மட்டத்தை முழுச் சத்தத்தில் போட்டான். ஒரு கால்கூட அசையவில்லை. ஒரே ஒரு விவசாயி மட்டும் மேடையருகே வந்து, "தம்பி, நம்ம அணையை மறுபடியும் சொல்லச் சொல்லு" என்றார். கோமதிநாயகம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆவுடையப்பனின் மூக்கில் மைதா வாசம் அடித்தது.

"சிடியப் போடுலே சீக்கிரம்" என்றான்.

சொரிமுத்து உறையில் நகத்தை வைத்தான். மறுபடியும் பிச்சாண்டி.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்லுதேன். முதல் வரி வந்தவுடனே ஊரே கேட்டுருமே. ரெண்டாவது வரிக்குள்ள பாட்டு பழசாயிராது?"

மூவரும் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்து ஆலோசித்தார்கள். பாட்டு வெளியே வந்தால் கெட்டது, வராமல் இருந்தால் புதுசு. முடிவு எடுத்தாகிவிட்டது. சிடியை உறையோடு பிளேயர் தலையில் வைத்தார்கள். கலர் விளக்கு சுற்றியது. ஆவுடையப்பன் ஹெட்போனை ஒரு காதில் அழுத்திக்கொண்டு, குமிழ்களையெல்லாம் திருகித் தலையை ஆட்டினான்.

ஊர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது.

"ஏம்வே, சத்தமே வரலையே?" என்றார் கோமதிநாயகம்.

"வந்தாக் கெட்டுப்போயிரும் அண்ணாச்சி" என்று ஆவுடையப்பன் பணிவாகச் சொன்னான்.

கூட்டத்தில் முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் ஒரு செருப்பு. ஆவுடையப்பன் குனிந்து கால்களைப் பார்த்தான். அத்தனை காலும் ஆடிக்கொண்டு மேடையை நோக்கி வந்தன. ஜெயித்துவிட்டோம் என்று அவனுக்குக் கண் கலங்கியது. சொரிமுத்து இழுத்துக்கொண்டு ஓடியிருக்காவிட்டால், அங்கேயே நின்று கும்பிட்டிருப்பான்.

மறுநாள் காலை கண்ணாடி ஆணியில் தொங்கியது, ஆவுடையப்பன் முழங்கை வரை மாவோடு நின்றான். கூட்டாளிகள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து, வீங்கிய கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் ஆத்திரம் தாங்காமல் பிச்சாண்டி மடியில் இருந்த சிடியைப் பிடுங்கினார். "அப்படி என்ன எழவுதான் இதுல இருக்கு?" என்று உறையைக் கிழித்துத் திறந்தார்.

உள்ளே சிடியே இல்லை. காலி டப்பா.

ஆவுடையப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியளா மாமா? இதை உலகத்துல ஒருத்தன்கூடக் கேட்டிருக்க முடியாது. நான் சரியாத்தான் பிடிச்சிருக்கேன். அடுத்த கொடைக்கும் இதையே போட்டிருவோம்."

பிச்சாண்டி கன்னத்திலிருந்து துணியை எடுத்துவிட்டு நிதானமாகத் தலையாட்டினான்.

"அது சரிப்படாதுண்ணே. நேத்துதான் ஊரே நின்னு கேட்டுருச்சே. வேற காலி டப்பா தேடணும்."