இடது பின்சக்கரம்

“இந்த வண்டி ஓடறதுக்காகப் பெட்ரோல் குடிக்கலம்மா, தாகத்துக்குக் குடிக்குது. வித்துடலாம்னு இருக்கேன்.”

சேலத்தில் ரஷீதாவின் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று தேவசகாயம் இதைச் சொன்னார். ஏற்காட்டில் முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர்.

மனைவி எஸ்தரின் சிகிச்சைக்காக வாரம் ஒருமுறை மலையிறங்கி வருகிறார். லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுத்த கார் இப்போது பதினொன்றுதான் கொடுக்கிறது. போன வாரம் பெட்ரோல் பங்க்கில் எல்லோரும் பார்க்க அதை ஓர் உதை உதைத்தார்.

“பிளக் மாத்தியாச்சு. ஃபில்டரும் மாத்தியாச்சு. எஞ்சின்தான் போயிடுச்சு.”

ரஷீதா பானெட்டைத் திறக்கவில்லை.

“மலையிறங்கின சூடு ஆறட்டும் சார். டீ குடிங்க.”

கூட வந்திருந்த எஸ்தருக்கு ஒரு நாற்காலி போட்டாள். மூவரும் டீ குடித்தார்கள். வண்டி ஆறியது.

“இப்ப சமமான ரோட்டுல நாலு கிலோமீட்டர் போயிட்டு வாங்க. பிரேக்கை ரொம்பத் தொடாதீங்க.”

போய் வந்தார்.

ரஷீதா விரல்களைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் இரண்டு சொட்டு தெளித்தாள்.

மூன்று சக்கரங்கள் பேசாமல் இருந்தன.

இடது பின்சக்கரம் ‘ஸ்ஸ்’ என்று ஆவி விட்டது.

ஜாக்கி வைத்து அந்தச் சக்கரத்தைத் தூக்கினாள். “சுத்துங்க சார்.”

இரண்டு கையாலும் முயன்றார். முக்கி முனகிக் கொஞ்சம்தான் நகர்ந்தது.

“ஹேண்ட்பிரேக் போட்டிருக்கீங்களா?”

“இல்லையேம்மா. நான்தான் விட்டுட்டேனே!”

“நீங்க விட்டீங்க. அது விடல. கேபிள் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு.”

“எத்தனை நாளா?”

“எப்பலேர்ந்து மைலேஜ் குறையுது?”

“மூணு மாசமா.”

“அப்ப மூணு மாசமா.”

தேவசகாயம் கீழே உட்கார்ந்துவிட்டார். இருபது கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டு வாரங்கள்.

“எஞ்சின்?” என்றார் மெதுவாக.

“ஒரு காலைக் கட்டிப்போட்டும் மலை ஏறியிருக்கு சார். அதுக்கென்ன குறை?”

புதுக் கேபிள் மாட்டினாள். அவர் ஒரு விரலால் தள்ளினார். சக்கரம் சுற்றியது, நிற்க மனமில்லாததுபோல் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவர் கண்கள் கலங்கின. எஸ்தர் நாற்காலியிலிருந்து எழுந்து, மெல்ல நடந்து அருகில் வந்தார்.

“என்னாச்சுங்க?”

“இவ்வளவு பாரத்தையும் இழுத்துக்கிட்டு ஏறியிருக்கு, எஸ்தர். ஒரு நாளும் நம்மளை நடுவழியில விடல. ஒரு வார்த்தை நன்றி சொல்லலையே நான்.”

எஸ்தர் அவருடைய கிரீஸ் படிந்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“நானும்தான் சொல்லல,” என்றார். “உங்களுக்கு.”