மூன்று முறை சொல்ல வேண்டிய பெயர்

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். ஆள் பெயர் சொல்லாமல் கதை சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆகவே வளையல்காரர் வரைக்கும் பெயர் சொல்லியே சொல்கிறேன். காது கொடுத்துக் கேட்டால் விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது.

வெள்ளாங்கரையில் மாவு மில் வைத்திருக்கும் சுடலைமுத்துவின் மனைவி முப்பிடாதிக்கு ஒன்பதாம் மாத வளைகாப்பு. ஏழு வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை என்பதால் ஊரையே அழைத்திருந்தார்கள். அழைப்பு வைத்த அலைச்சலில் முப்பிடாதி போன வாரப் பரிசோதனைக்குக்கூடப் போகவில்லை. வளையல்காரர் மைதீன் பிச்சை ஐந்து நாளைக்கு முன்பே வந்து, அவள் கைக்கு அளவு பார்த்து வளையல் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

விழாவன்று அந்த வளையல் ஏற மறுத்தது. சுடலைமுத்துவின் அக்கா வேலம்மாள் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தாள். அப்படியும் கை முழி எலும்பைத் தாண்டவில்லை. "பிள்ளைத்தாச்சி பூரிச்சுப் போயிட்டா," என்று பெண்கள் சிரித்தார்கள். மைதீன் பிச்சையின் அளவு தப்பியதே கிடையாது என்பது அந்த ஊருக்கே தெரியும். இருந்தாலும் கல்யாண வீட்டிலும் வளைகாப்பு வீட்டிலும் யோசிக்க யாருக்கு நேரம்? பெரிய வளையலாக எடுத்துக்கொண்டு பாட்டைத் தொடர்ந்தார்கள்.

பதினொரு வருஷமாக அந்த ஊருக்குத் தடுப்பூசி போட வரும் நர்சம்மாவும் வந்திருந்தார். அன்று அவருக்கு லீவு. பட்டுச்சேலை கட்டி விருந்தாளியாக வந்தவர், தன் முறை வந்ததும் முப்பிடாதியின் கையைப் பிடித்தார். பிடித்தவர் வளையலைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"தலை வலிக்குதா?"

"ரெண்டு நாளா வலிக்குதும்மா."

"கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரி இருக்கா?"

முப்பிடாதி தலையாட்டினாள். நர்சம்மா தன் ஸ்கூட்டரிலிருந்து ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துவந்து பார்த்தார். பார்த்ததும், "இது பூரிப்பு இல்ல, வீக்கம். ரத்தக்கொதிப்பு ஏறிக் கிடக்கு. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க," என்றார்.

"நல்ல நேரம் முடிய இன்னும் அரை மணி இருக்கு. இந்த வளையலைப் போட்டுட்டுப் போவோமே," என்றாள் வேலம்மாள்.

"வளையலை அப்புறம் போடலாம். இப்பக் கிளம்பணும்."

ஆம்புலன்ஸ் ஓட்டிவந்தவர் இசக்கிமுத்து. வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. அவர் காத்திருக்கவில்லை. ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குளத்துக்கரைப் பாதையில் திருப்பி, ஒரு மணி நேர வழியை முப்பத்தைந்து நிமிஷத்தில் கடந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெப்சிபா அப்போதுதான் ஓர் அறுவை முடித்துச் சாப்பாட்டை வாயில் வைத்திருந்தார். சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தார். அறுவை அறையின் வாசலிலேயே முப்பிடாதிக்கு வலிப்பு வந்துவிட்டது.

வெளியே சுடலைமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ரெண்டு உசுரும் பிழைக்கட்டும். யாரால பிழைக்குதோ அவங்க பேரைத்தான் பிள்ளைக்கு வைப்பேன். எங்க சாஸ்தா மேல சத்தியம்," என்றான்.

இரண்டு உயிரும் பிழைத்தன. பெண் குழந்தை, எடைதான் குறைவு. கேட்டதும் சுடலைமுத்து அங்கேயே உட்கார்ந்து அழுதான். பிறகுதான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்பது அவனுக்கு நினைவு வந்தது.

சத்தியம் செய்வது சுலபம். பழத்தாரோடு நன்றி சொல்லப் போனபோதுதான் சிக்கல்.

"அறுத்து எடுக்கிறது என் தினப்படி வேலை. பத்து நிமிஷம் பிந்தியிருந்தா நானும் கையைப் பிசைஞ்சுதான் நின்னிருப்பேன். கொண்டு வந்தவர் பேரை வையுங்க," என்றார் டாக்டர்.

"போன் வந்துச்சு, வண்டியை எடுத்தேன். கூப்பிட்டாத்தானே நான் வருவேன்? கூப்பிடச் சொன்னவங்களைப் பாருங்க," என்றார் இசக்கிமுத்து.

"வளையல் போட வந்தேன், போடாமப் போனேன். நான் என்னத்தச் செஞ்சேன்? காப்பாத்தினது டாக்டரம்மாதான்," என்றார் நர்சம்மா.

நாற்பத்தோராம் நாள். பெயர் வைக்கும் உரிமை அத்தைக்கு. வேலம்மாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "மூணு தடவையும் ஒரே பேரைத்தான் காதுல சொல்லணும். ஆளுக்கு ஒண்ணாப் பங்கு வைக்க முடியாது. சட்டுனு சொல்லுலே," என்றாள். சுடலைமுத்து கூட்டத்தைப் பார்த்தான். மூவரும் கூட்டத்தில்தான் இருந்தார்கள்.

நீங்கள் சொல்லுங்கள். வேலம்மாள் யார் பெயரைச் சொல்ல வேண்டும்?

நர்சம்மா பெயரை என்றுதான் நானும் சொல்வேன். மற்ற இருவரும் தங்கமானவர்கள். ஆனால் கூப்பிட்ட பிறகு வந்தவர்கள். லீவு நாளில், யாரும் கேட்காமல் எழுந்தவர் அவர் ஒருவர்தான். சும்மா இருந்திருந்தால் அவரை யாரும் ஒரு குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சுடலைமுத்துவும் அதையேதான் சொன்னான். வேலம்மாள் குழந்தையின் காதருகே குனிந்தாள். குனிந்தவள் நிமிர்ந்தாள். "அவங்க பேரு என்னலே?" என்றாள்.

சுடலைமுத்துவுக்குத் தெரியவில்லை. முப்பிடாதிக்குத் தெரியவில்லை. அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்த ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. வளையல்காரர் பெயரைக்கூடச் சொன்ன நான் அவர் பெயரை மட்டும் சொல்லவில்லையே, கவனித்தீர்களா? கவனித்திருந்தால் நீங்கள் அந்த ஊர்க்காரர்களைவிட நல்லவர்.

வேலம்மாளே வெட்கத்தை விட்டுக் கேட்டாள். நர்சம்மா, "தமயந்தி," என்றார். குழந்தையின் காதில் அந்தப் பெயர் மூன்று முறை விழுந்தது. நான்காவது முறை வேலம்மாள் அதை உரக்கவே சொன்னாள். "தமயந்தியம்மா, வாங்க. அன்னைக்கு ஏறாமத் தட்டுல வச்ச வளையலை இப்பப் போடுங்க."

மைதீன் பிச்சை அளவெடுத்துக் கொடுத்த அதே வளையல். முப்பிடாதியின் கையில் வழுக்கிக்கொண்டு ஏறியது.