நனைந்த உமி

மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவும் பவுனுத்தாய்க்குப் பொறுமை போய்விட்டது. பார்வையிட ஆட்கள் வருகிறார்களென்று எலிகளைப் புதுக் கூண்டுகளுக்கு மாற்றச் சொன்னவரும், பழைய கூண்டுகளில் ஒட்டியிருந்த அடையாளச் சீட்டுகளை அழுக்கென்று கிழித்துப் போட்டவரும் பேராசிரியர் தணிகைவேல்தான். இப்போது வந்தவர்கள் முன்னால் அவளிடமே எரிந்து விழுந்தார்.

“இந்தச் சர்க்கரை வியாதி எலிகளில் என் மூலிகைச் சாறு குடித்தது எது, குடிக்காதது எது? உடனே பிரி.”

“குடிச்சா என்ன ஆகும் சார்?”

“சிறுநீரகம் தேறிவிடும். மூத்திரம் பாதியாகக் குறையும். பார்த்தாலே தெரியும்.”

அவள் ஒவ்வொரு கூண்டாகத் திறந்து, காலையில் பரப்பிய உமியை அள்ளிக் காட்டினாள். எல்லாம் ஒன்றுபோலச் சொதசொதவென்று நனைந்திருந்தது.

“பார்த்தாலே தெரியும்னா, என்னை எதுக்கு சார் பிரிக்கச் சொல்றீங்க?”