உத்தரவை மீறிய கப்பல்

தேவசகாயம் கடற்படையில் சேர்ந்த நாளிலிருந்தே, இவர் அட்மிரலாகத்தான் வெளியே போவார் என்று பேசிக்கொண்டார்கள். நாற்பது வயதுக்குள் கேப்டனாகி, ஒரு போர்க்கப்பலுக்குத் தலைமையேற்றார். பிறகு அந்தப் புயல் வந்தது. பதவி அங்கேயே நின்றுவிட்டது.

உடனே துறைமுகத்துக்குத் திரும்பும்படி உத்தரவு. திரும்பும் வழியில் ஒரு சரக்குத் தோணி உடைந்து கிடந்தது. ஆட்கள் தண்ணீரில் தத்தளித்தார்கள். தேவசகாயம் கப்பலை அந்தப் பக்கம் திருப்பினார். அத்தனை பேரையும் மேலே ஏற்றினார்கள். கப்பலுக்குச் சேதம்.

உத்தரவை மீறினார், தன் கப்பலில் இருந்தவர்களின் உயிரைப் பணயம் வைத்தார் என்று விசாரித்தார்கள். கப்பலைப் பிடுங்கிக்கொண்டு பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவரிடம் படித்தவர்கள் ஒவ்வொருவராகப் பதவியில் அவரைத் தாண்டிப் போனார்கள்.

புயலின்போது அவர் கப்பலில் இளநிலை அதிகாரியாக இருந்தவர் கலியமூர்த்தி. தொழிலை அவரிடமே கற்றவர். இப்போது ரியர் அட்மிரல். தேவசகாயம் ஓய்வு பெறப்போகும் மாதத்தில் அவரைத் தேடி வந்தார்.

தேவசகாயம் எழுந்து சல்யூட் அடித்தார்.

"நீங்க எனக்கு அடிக்கலாமா சார்?"

"உன் தோள்ல இருக்கிற பட்டைக்கு அடிச்சேன். உட்காருப்பா."

கலியமூர்த்தி உட்காரவில்லை.

"நாளைக்கு மறுவிசாரணை சார். நான்தான் போராடி வாங்கினேன். அன்னைக்குச் செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தண்டனையை ரத்து பண்ணி, நின்னுபோன பதவி உயர்வையும் கொடுத்துடுவாங்க. அட்மிரலா வெளிய போகலாம்."

"சொல்லலேன்னா?"

"கேப்டனாவே போவீங்க."

"கேப்டனாத்தானே இருந்தேன்."

"இது வீம்பு சார்! உங்ககிட்ட கத்துக்கிட்டவன் கொடி வச்ச கார்ல போறான். நீங்க சைக்கிள்ல போறீங்க. எனக்கு வலிக்குது."

 தேவசகாயம் விசாரணைக்கு வருவதாக மட்டும் தலையசைத்தார்.

மறுநாள் விசாரணைக் குழு கூடியது. குழுவில் கலியமூர்த்தியும் ஒருவர்.

"கேப்டன், சொல்ல வேண்டியதைச் சொல்லலாம்" என்றார் தலைவர்.

தேவசகாயம் கலியமூர்த்தியைப் பார்த்தார்.

"அன்னைக்குக் கப்பல் பக்கவாட்டுல வலையைப் பிடிச்சு இறங்கி, ஆட்களைத் தூக்கிவிட்டது யாரு?"

"நான்தான் சார்." இருக்கும் இடத்தை மறந்து கலியமூர்த்தி எழுந்து நின்றுவிட்டார்.

"முதல்ல கையில சிக்கினது?"

"ஒரு பெரியவர். மூச்சே இல்லாத மாதிரி இருந்தார்."

"அப்புறம்?"

"சமையல்காரர். என் கழுத்தைக் கட்டிக்கிட்டு விடவே இல்ல."

"கடைசியா?"

"தோணி ஓட்டின தண்டல். என்னை விடு, அவங்களை ஏத்துன்னு கத்திக்கிட்டே இருந்தார்."

தலைவர் மேசையைத் தட்டினார். "கேப்டன், இதெல்லாம் எதற்கு? தப்பு என்று சொல்லப்போகிறீர்களா, இல்லையா?"

"சொல்றேன்" என்றார் தேவசகாயம். கண்கள் சீடனை விட்டு அகலவில்லை.

"இவங்கள்ல யாரை நீ விட்டுட்டு வந்திருக்கணும்? அதை மட்டும் சொல்லு. அடுத்த நிமிஷம் நான் செஞ்சது தப்புன்னு சொல்லிடறேன்."

கலியமூர்த்தி விறைப்பாக நின்று அவருக்குச் சல்யூட் அடித்தார். உட்காரவில்லை.