மிராசுதார் வீட்டு வாசற்காவல்

அம்மி கொத்திப் பிழைக்கும் பேச்சியம்மாள் மிராசுதார் பரமகுருவின் வாசலில் நுழைந்தபோது, சிப்பாய் என்னும் அவருடைய நாய் அவள்மேல் பாய்ந்தது. கையிலிருந்த சுத்தியலால் அவள் ஒரு போடு போட, நாயின் முன்னங்கால் ஒடிந்தது.

வழக்கு ஊர்ச்சபைக்கு வந்தது.

“சிப்பாய் பச்சைக் குழந்தை மாதிரி. யாரையும் ஏறெடுத்தும் பார்க்காது. இவள் வேண்டுமென்றே அடித்தாள்!” என்று முழங்கினார் மிராசுதார். “அதன் கால் கூடும்வரை இவளே என் வாசலில் இரவும் பகலும் காவலிருக்கட்டும்!”

காவலைக் கெடுத்தவரே காவலிருப்பது அவ்வூர் வழக்கம். நாய் பாய்ந்ததற்கோ சாட்சி இல்லை. அவள் வாசலில் முடங்கினால் வீட்டில் பிள்ளைகளுக்குக் கஞ்சியும் இல்லை.

பேச்சியம்மாள் கைகூப்பினாள். “ஆகட்டும் எசமான். ஆனா சிப்பாய் பார்த்த வேலையிலே குறை வரக்கூடாது. யாராச்சும் உள்ளே வந்தா நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கணுமா?”

“சும்மாவா!” மிராசுதார் மீசையை முறுக்கினார். “என் சிப்பாய் அப்படி விடுமா? அயலான் எவன் படி மிதித்தாலும் தொடையைக் கவ்விவிடுமே!”

“அன்னிக்கு நானும் அயலாள்தானே எசமான்?”

சபை கொல்லென்று சிரித்தது.

“உயிருக்கு அஞ்சி அடித்தவள்மேல் குற்றமில்லை. கடிக்கும் நாயைக் கட்டாமல் விட்டவரே பொறுப்பு, காவலும் அவரே இருக்கட்டும்” என்றார் சபைத்தலைவர்.

மறுநாள் அம்மி கொத்த வந்த பேச்சியம்மாள், வாசலில் கம்போடு அமர்ந்திருந்த மிராசுதாரைக் கண்டு தள்ளியே நின்றாள்.

“கடிக்க மாட்டீங்களே எசமான்?” என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே நுழைந்தாள்.